எல்லோர் குடலிலும் இருக்கும் கிருமி, மாமியின் சிறுநீரகத்தை மட்டும் ஏன் தாக்கியது?

கேள்வி: மூதூரில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். மாமிக்கு வயது 67. நீண்ட காலமாக நீரிழிவு உண்டு. அண்மையில் நடுக்கத்துடன் காய்ச்சலும், விலாவுக்குக் கீழே முதுகில் நோவும் வந்து வைத்தியசாலையில் சேர்த்தோம். சலத்தில் இருந்த கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார்கள். கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அறிக்கையில் 'ஈ. கோலை' என்றும் அதன் கீழே 'ஈ.எஸ்.பி.எல்.' என்றும் இருந்தது. ஊசி மருந்தில் குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் விடுதியில் இருந்த வைத்தியர், ஈ. கோலை எல்லோருடைய குடலிலும் இருக்கிற கிருமிதான் என்றார். அப்படியானால் மாமிக்கு மட்டும் ஏன்? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள், கிருமிகள் ஒன்றிடமிருந்து ஒன்று மரபணுக்களை வாங்கிக்கொள்ளும், சாதுவான கிருமியும் நோய்க்கிருமியாக மாறும், கொலராக் கிருமியே கடலில்தான் இருக்கிறது என்றெல்லாம் சொல்லி வீட்டைக் கலக்கி வைத்திருக்கிறாள். மாமி தினமும் எருமைத் தயிர் சாப்பிடுகிறவர். அதிலும் உயிருள்ள கிருமிதானே, நிறுத்துவதா? கொட்டியாரக் குடாவின் நண்டையும் இறாலையும் விட்டுவிடுவதா? மறுபடியும் வந்தால் உதவும் என்று மருந்தை வாங்கி வீட்டில் வைக்கலாமா? கிருமி போய்விட்டதா என்று பார்க்க மாதாமாதம் கல்ச்சர் செய்ய வேண்டுமா?

பதில்: சகோதரி, உங்கள் மகள் சொன்னதில் பிழை இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டு, அது எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். அந்த வயதில் அது இயல்புதான். மிச்சத்தை நான் சொல்கிறேன். தயிருக்கும் நண்டுக்கும் மருந்துக்கும் உரிய பதில் அதற்குள்ளேயே வந்துவிடும். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஈ. கோலை என்பதை ஒரு கிருமியின் பெயராக நினைக்கிறோம். அது ஒரு பெரிய கூட்டத்தின் பெயர். உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் கே-12 என்ற சாதுவான வகை, 1922இல் அமெரிக்காவில் தொண்டைக்கரப்பானிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒருவரின் மலத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதன் டி.என்.ஏ.யை 1997இல் முழுவதுமாக வாசித்தார்கள்: ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகள். இரத்த வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஓ157 என்ற வகையை 2001இல் வாசித்தபோது 55 இலட்சம் எழுத்துகள் இருந்தன. கே-12இல் இல்லாத மரபணுக்கள் மட்டும் 1,387. அடுத்த ஆண்டு, சிறுநீரகத் தொற்றுக்கு ஆளான ஒரு பெண்ணிடமிருந்து எடுத்த மூன்றாவது வகையையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். மூன்றிலும் உள்ள புரதங்களை எல்லாம் ஒரே பட்டியலில் போட்டால், மூன்றுக்கும் பொதுவானவை 39.2 வீதம்தான். பெயர் ஒன்று, உடைமைகள் வேறு. விடுதி வைத்தியர் சொன்னதும் சரி, மாமியின் சிறுநீரகத்தைத் தாக்கியது சாதாரணக் கிருமி அன்று என்பதும் சரி.

இந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதை, மாமிக்கு வந்த அதே நோயில்தான் தொடங்குகிறது. 1980களில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் யோர்க் ஹக்கர் என்பவரும் அவருடைய குழுவினரும், சிறுநீரகத் தொற்று நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த '536' என்ற ஈ. கோலை வகையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இது குருதிக் கலங்களை உடைக்கும் நஞ்சைச் சுரக்கும். குருதி கலந்த வளர்ப்புத் தட்டில் விதைத்தால் ஒவ்வொரு கிருமிக் குவியலைச் சுற்றியும் தெளிந்த வளையம் ஒன்று தோன்றும். ஆனால் இடைக்கிடை சில குவியல்களைச் சுற்றி வளையமே இல்லை. ஒரு மரபணுவில் ஓர் எழுத்துப் பிழைத்திருக்கும் என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். பார்த்தால், பல பத்தாயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு முழுப் பகுதியே டி.என்.ஏ.யிலிருந்து சுத்தமாகக் கழன்று போயிருந்தது. நஞ்சு மட்டுமன்றி, சிறுநீர்ப் பாதையின் சுவரில் பற்றிக்கொள்ள உதவும் இழைகளும் அதோடு போய்விட்டன. கிருமி சாகவில்லை. நன்றாகவே வளர்ந்தது. நோயை உண்டாக்கும் வலு மட்டும் பெரிதும் குறைந்துவிட்டது. இத்தகைய பகுதிகளுக்கு நோயாக்கத் தீவுகள் என்று பெயர் வைத்தார்கள்.

நம் கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தோணியின் பின்புறத்தில் பூட்டும் என்ஜினைக் கழற்றினாலும் தோணி தோணிதான், மிதக்கும், துடுப்பில் போகும்; கழற்றிய என்ஜினை இன்னொரு தோணியில் பூட்டினால் அது ஆழ்கடலுக்குப் போய்விடும்.

பூட்டப்பட்ட பகுதி வெளியிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? மகளுக்குப் பிடித்த பகுதி இதுவாக இருக்கும். டி.என்.ஏ. எழுத்துகளில் 'ஜி'யும் 'சி'யும் சேர்ந்து எத்தனை வீதம் என்பது ஒவ்வோர் இனத்துக்கும் ஏறத்தாழ நிலையானது. ஈ. கோலையில் அது 51 வீதத்துக்குக் கிட்ட. குடற் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கருவிகளைத் தாங்கிய ஒரு தீவு ஓ157இல் இருக்கிறது. அதற்குள் மட்டும் இது 40 வீதத்துக்குக் கிட்ட இறங்குகிறது. ஊருக்குப் புதியவரைப் பேச்சிலேயே கண்டுகொள்வதைப் போல் இது தனித்துத் தெரிகிறது. பல தீவுகளின் இரு முனைகளிலும் ஒரே எழுத்துத் தொடர் திரும்ப வரும், டி.என்.ஏ.யை வெட்டி ஒட்டும் நொதியத்துக்கான மரபணு ஒன்றும் உள்ளே இருக்கும். இவை நுழைந்த தடயங்கள். நுழையும் இடமும் கண்டபடி இருப்பதில்லை. புரதம் கட்டுவதற்கு அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் இடமாற்று ஆர்.என்.ஏ. மரபணுக்களின் ஓரத்தையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றன. 536இன் தீவு ஒன்றும், ஓ157இன் மேற்சொன்ன தீவும் முற்றிலும் வேறு பொருட்களைச் சுமந்தவை. ஆனால் இரண்டும் இறங்கியிருப்பது செல்-சி என்ற ஒரே இடமாற்று ஆர்.என்.ஏ. மரபணுவின் பக்கத்தில். இத்தகைய மரபணுக்கள் எல்லாப் பற்றீரியாக்களிலும் ஏறத்தாழ மாறாமல் இருப்பதால், எந்த ஊருக்குப் போனாலும் செல்லுபடியாகும் விலாசமாக அவை பயன்படுகின்றன என்று விளக்குகிறார்கள்.

மாமியின் கிருமிக்குத் தேவையானவை எவை என்று யோசித்துப் பாருங்கள். குடலில் உணவுக்குக் குறைவில்லை. சிறுநீர்ப் பையிலோ, நிற்க இடம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை சலம் கழிக்கும்போது வெளியே போய்விடும். சிறுநீரகக் கலங்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு வகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் 'பி' இழைகள் இந்தக் கிருமிகளில் பலவற்றிடம் உள்ளன. அடுத்தது இரும்பு. நம் உடல் இரும்பை எங்கும் சும்மா விட்டு வைப்பதில்லை, புரதங்களில் பூட்டி வைக்கிறது. அதைப் பிடுங்குவதற்கென்றே சில சிறு மூலக்கூறுகளைக் கிருமி வெளியே அனுப்பி, இரும்போடு திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும். மூன்றாவது, கலங்களை உடைக்கும் நஞ்சு. இந்த மூன்றுக்குமான மரபணுக்களும் பெரும்பாலும் தீவுகளில்தான் இருக்கின்றன.

இனி மாமியின் பக்கம். பெண்களுக்குச் சிறுநீர் வழி குறுகியது, குடலின் வாயிலுக்கு அருகில் இருப்பது. மாதவிடாய் நின்ற பின் அந்தப் பகுதியின் இயற்கையான பாதுகாப்புக் குறைகிறது. நீரிழிவு நீண்டகாலம் இருந்தால் சிறுநீர்ப் பை முழுவதுமாக வடிவதில்லை. இவற்றோடு, தேவையான தீவுகளைச் சுமந்த ஒரு வகை அவருடைய குடலில் இருந்திருக்கிறது. அது அங்கே எவ்வளவு காலமாகவோ எந்தத் தொல்லையும் தராமல் இருந்திருக்கலாம். மகள் பயப்படுவதைப் போல, நேற்றுவரை சாதுவாக இருந்த கிருமி மாமியின் வயிற்றுக்குள் தீவு ஒன்றைக் கடன் வாங்கி இரவோடு இரவாக மாறியது என்று எண்ண வேண்டாம். தீவுகளின் பயணம் பரிணாமத்தின் காலக் கணக்கில் நடப்பது. பல தீவுகள் வெட்டி ஒட்டும் நொதியத்தை இழந்து, வந்த இடத்திலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவை. மாமியின் கிருமி அந்தச் சொத்துகளோடு பிறந்தது. இடம் மாறியதுதான் புதிது.

அப்படியானால் குடலில் சும்மா இருக்கும்போது அந்தச் சுமை எதற்கு? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதலாம் உலகப் போர்க் காலத்தில், படையினர் பலர் வயிற்றுளைவில் வீழ்ந்த இடத்தில் ஒருவர் மட்டும் நோயின்றி இருந்தார். அல்பிரட் நீஸ்லெ என்ற ஜெர்மானிய வைத்தியர் 1917இல் அவருடைய மலத்திலிருந்து ஓர் ஈ. கோலையைப் பிரித்தெடுத்தார். அது இன்றும் குடலுக்கு நன்மை செய்யும் மருந்தாக விற்கப்படுகிறது. அதன் டி.என்.ஏ.யை வாசித்தபோது, சிறுநீரகத் தொற்றை உண்டாக்கும் வகைகளுக்கு அது நெருங்கிய உறவு என்று தெரிந்தது. இரும்பைப் பிடுங்கும் தீவுகள் உட்படப் பல தீவுகள் அதிலும் உள்ளன; குருதிக் கலங்களை உடைக்கும் நஞ்சு மட்டும் இல்லை. நெருக்கடி மிகுந்த குடலில் இடம்பிடிக்கவும் போட்டியாளரை விலக்கவும் உதவுவதால்தான் இந்தப் பகுதிகள் நிலைத்திருக்கின்றன என்பது பலருடைய கருத்து, என்னுடையதும் அதுவே. சிறுநீரகத்தில் அவை நோயாவது நமக்கு வந்த வினை. கிருமிக்கு அதில் தனி இலாபம் எதுவும் தெரியவில்லை.

அறிக்கையின் இரண்டாவது வரிக்கு வருவோம். ஈ.எஸ்.பி.எல். என்பது பெனிசிலின் குடும்பத்து மருந்துகளையும் செபலோஸ்போரின் ஊசிகளில் பலவற்றையும் உடைக்கும் நொதியங்களைக் குறிக்கும். இதுவும் வெளியிலிருந்து வந்த சரக்குத்தான், ஆனால் வேறு வண்டியில் வந்தது. பிளாஸ்மிட் எனப்படும் தனி டி.என்.ஏ. வளையங்களில் பெரும்பாலும் இது இருக்கும். ஒரு கிருமி மற்றதோடு குழாய் போட்டு இணைந்து இதன் பிரதியைக் கொடுத்துவிடும். இன்று உலகில் மிகப் பரவலாக உள்ள சி.டி.எக்ஸ்-எம் வகை நொதியத்தின் மூலமரபணு, குளுய்வெரா என்ற, மனிதருக்கு அரிதாகவே நோய்தரும் சுற்றாடல் பற்றீரியாவின் சொந்தச் சொத்து. தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று அதைத் தூக்கிப் பிளாஸ்மிட்டில் போட்டது. தீவுகளைப் போலன்றி, இந்தப் பரிமாற்றம் நம் வாழ்நாளிலேயே, நம் கண்ணெதிரிலேயே நடந்திருக்கிறது.

மருந்துக்கு அடங்காத கிருமி என்றதும் மிகக் கொடிய கிருமி என்று வீட்டார் கலங்குவதை விடுதியில் அடிக்கடி பார்க்கிறேன். தாக்கும் வலு வேறு, மருந்தைத் தாங்கும் வலு வேறு. ஈ.எஸ்.பி.எல். உள்ள கிருமி மற்றதைவிட உடலை அதிகம் சேதப்படுத்தும் என்பதில்லை. சரியான மருந்து தாமதமாகிறது என்பதே அதன் ஆபத்து. மாமிக்குச் சரியான ஊசி கிடைத்தது, குணமானார். இரண்டு வலுவும் ஒரே கிருமியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2016இல் சீனாவின் ஹாங்சோவில், கடைசி மருந்துகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லாக் கிருமி ஒன்று, வலுவூட்டும் பிளாஸ்மிட் ஒன்றையும் பெற்றிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அது தொற்றிய ஐந்து பேரும் இறந்தார்கள். என் துறையில் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தச் சேர்க்கைதான். உங்கள் வீட்டுச் சமையலறையில் அதைத் தேட வேண்டியதில்லை.

கொலராவைப் பற்றி மகள் சொன்னது முற்றிலும் சரி. கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர்தான் அந்தக் கிருமியின் சொந்த வீடு. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவைப் போன்ற நீரில் விப்ரியோ குடும்பத்துக் கிருமிகள் இருப்பது இயற்கை. ஆனால் கடலில் உள்ள விப்ரியோ கொலரே கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றிடம் கொலரா நஞ்சு கிடையாது. இருநூறுக்கும் மேற்பட்ட அதன் பிரிவுகளில் பெருந்தொற்றை உண்டாக்கியவை ஓ1, ஓ139 என்ற இரண்டு மட்டுமே.

அந்த நஞ்சின் வரலாறு நம் வங்காள விரிகுடாவின் வரலாறு. கிருமியைக் கல்கத்தாவில் ரொபர்ட் கொக் இனங்கண்டது 1884இல். நோயை உண்டாக்குவது அது சுரக்கும் நஞ்சே என்று அதே நகரில் சம்பு நாத் டே நிரூபித்துக் காட்டியது 1959இல். அந்த நஞ்சுக்கான மரபணு கிருமியின் சொந்தமே அன்று, பற்றீரியாவுக்குள் புகும் பேஜ் வகை வைரசு ஒன்றினுடையது என்று அமெரிக்காவில் வோல்டோரும் மெக்கலனோசும் கண்டறிந்தது 1996இல். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த வைரசு எல்லா விப்ரியோவுக்குள்ளும் புக முடியாது. கிருமியின் மேலே ஒரு குறிப்பிட்ட இழை இருந்தால்தான் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே போகும். அந்த இழை கிருமி நம் குடலில் கூட்டமாகத் தங்குவதற்கும் இன்றியமையாதது. அதற்கான மரபணுக்கள் ஒரு தீவில் உள்ளன. முதலில் தீவு வர வேண்டும், பிறகுதான் வைரசு. இரண்டு வரவும் இந்த வரிசையில் நடந்தால்தான் கடல்வாசி கொலராக் கிருமியாகிறது. தொண்டைக்கரப்பானும் இப்படியே: வைரசு புகுந்த கிருமி மட்டுமே நஞ்சு சுரக்கும் என்று 1951இல் பிரீமன் காட்டினார். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியில் தொண்டைக்கரப்பானுக்கு எதிரான பகுதி, அந்த வைரசின் மரபணு செய்யும் நஞ்சைக் குறிவைத்ததுதான்.

1992இன் பிற்பகுதியில் சென்னையில், அன்று மதராஸ், கொலரா பரவியது. ஓ1 வகையை எதிர்க்கும் பரிசோதனைப் பொருள் அந்தக் கிருமியோடு ஒட்டவில்லை. பழைய கொலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் வீழ்ந்தார்கள். சில மாதங்களில் அது கரையோடு வடக்கே ஏறி வங்காளதேசம்வரை போயிற்று. ஓ139 என்று பெயரிடப்பட்ட அந்தக் கிருமி, மேலுறையைச் செய்யும் மரபணுத் தொகுதியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்ட பழைய ஓ1 தான்.

அது எப்படி மாட்டியிருக்கலாம் என்பதில்தான் உங்கள் நண்டும் இறாலும் வருகின்றன. அவற்றின் ஓடு கைற்றின் என்ற பொருளால் ஆனது. கைற்றினில் ஒட்டி வளரும்போது விப்ரியோ கொலரே சுற்றிலும் கிடக்கும் டி.என்.ஏ.யை விழுங்கத் தொடங்குகிறது என்று 2005இல் கண்டார்கள். இரண்டு ஆண்டுகளில், கைற்றின் மேல் வளர்ந்த ஓ1 கிருமி ஓ139இன் டி.என்.ஏ.யை எடுத்துக்கொண்டு ஓ139ஆக மாறுவதையும் ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். 2015இல் வந்த செய்தி இன்னும் விசேஷம்: கிருமி சும்மா கிடப்பதைப் பொறுக்குவதோடு நிற்பதில்லை. ஈட்டி போன்ற ஓர் அமைப்பால் அயலில் உள்ள கிருமியைக் குத்திக் கொன்று, சிந்தும் டி.என்.ஏ.யை எடுத்துக்கொள்கிறது.

இதையெல்லாம் கேட்டு நண்டை விட வேண்டாம். நன்றாக வேக வையுங்கள், அவ்வளவுதான். 1978இல் அமெரிக்காவின் லூசியானாவில் நண்டு சாப்பிட்டவர்களுக்குக் கொலரா வந்தபோது சோதித்ததில், 8 நிமிடம் கொதித்த நண்டிலும் கிருமி உயிரோடு இருந்தது. ஓடு சிவந்துவிட்டது என்பது வெந்ததற்கு அடையாளம் ஆகாது. நம்முடைய நண்டுக் குழம்பு அடுப்பில் கிடக்கும் நேரத்துக்கு இந்தக் கவலை தேவையில்லை. அவித்து உடனே சாப்பிடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். வெந்த நண்டைப் பச்சை நண்டு இருந்த சட்டியில் திரும்பப் போடாதீர்கள். இன்னொன்று, மாமிக்கு நீரிழிவு இருப்பதால், கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் மீனும் இறாலும் கழுவ விடாதீர்கள். விப்ரியோ வல்னிபிக்கஸ் என்ற இன்னோர் உறவுக்காரன் காயத்தின் வழியே புகுவான். ஈரல் நோயாளிக்கும் நீரிழிவுக்காரருக்கும் அவன் பொல்லாதவன்.

மருந்தை வாங்கி வீட்டில் வைக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். வழக்கமான காரணங்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள், அவற்றை விடுகிறேன். நம் பேச்சோடு தொடர்புள்ள காரணம் ஒன்று உண்டு. சிப்ரோபுளொக்சசின் போன்ற மருந்துகள் கிருமியின் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்துகின்றன. சேதத்தை உணர்ந்ததும் கிருமிக்குள் ஓர் அபாய அறிவிப்பு எழும். அந்த அறிவிப்பைக் கிருமி மட்டும் கேட்பதில்லை, அதன் டி.என்.ஏ.க்குள் உறங்கும் வைரசுகளும், இடம்பெயரும் பகுதிகளும் கேட்கின்றன. ஓட்டை விழுந்த கப்பலில் தங்குவதில் அவற்றுக்கு என்ன இலாபம்? புறப்படுகின்றன. மதராஸ் கொலராக் கிருமியில் பல மருந்துகளைத் தாங்கும் மரபணுக்களைச் சுமந்த எஸ்.எக்ஸ்.டி. என்ற நகரும் பகுதி இருந்தது. சிப்ரோபுளொக்சசின் பட்டால் அது மற்றக் கிருமிகளுக்குத் தாவும் வேகம் கூடுகிறது என்று 2004இல் நிறுவப்பட்டது. கொல்லாத அளவில் விழுங்கும் மாத்திரை, இடமாற்றத்தை ஊக்குவிக்கிறது.

இரத்த வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ஷிகா நஞ்சைச் சுமக்கும் ஈ. கோலையில் இது உயிராபத்தாகவே முடியலாம். அந்த நஞ்சின் மரபணுவும் உறங்கும் வைரசுக்குள்தான் இருக்கிறது. வைரசு விழித்தால் நஞ்சு பெருகும், கிருமி வெடித்து அதைக் குடலில் கொட்டும். 2011இல் ஜெர்மனியில் 3,800க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஓ104 என்ற வகையும் இந்த நஞ்சைச் சுமந்ததுதான். காரணம் என்ன என்று தேடியவர்கள் கடைசியில் போய் நின்றது முளைகட்டிய வெந்தயத்தில். குடலில் ஒட்டிக்கொள்ளும் பழைய வகை ஒன்று, ஷிகா நஞ்சின் வைரசைப் பெற்றிருந்தது; மாமியின் அறிக்கையில் உள்ள அதே ஈ.எஸ்.பி.எல். திறனைத் தரும் பிளாஸ்மிட்டும் அதனிடம் இருந்தது. ஆகவே வீட்டில் யாருக்காவது, விசேடமாகக் குழந்தைக்கு, இரத்தத்தோடு வயிற்றோட்டம் போனால், பாமசியில் வாங்கிய மாத்திரையோ வயிற்றோட்டத்தை அடக்கும் மருந்தோ வேண்டாம். சில வயிற்றுளைவுக் கிருமிகளுக்கு மருந்து கட்டாயம் தேவை, சிலவற்றுக்கு அதுவே ஆபத்து. அதைப் பிரித்துப் பார்ப்பது வைத்தியரின் வேலை.

தயிரைத் தாராளமாகக் கொடுங்கள். அதைப் புளிக்க வைக்கும் இலக்டிக் அமிலப் பற்றீரியாக்கள் வேறு குலம். அவை ஈ. கோலையின் தீவுகளை வாங்கிக் கெட்டுப்போகும் என்று அஞ்ச இடமில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்கள் மட்டும் வைத்தியரிடம் கேட்டுச் சாப்பிடலாம். எனக்குக் கவலை தயிரில் இல்லை, அதன் மேல் ஊற்றும் பாணியில்தான்! மாமியின் சீனி அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் தொற்றைத் தடுக்கும் வேலையில் சேர்ந்தது. போதிய தண்ணீர், சலத்தை அடக்காமல் இருப்பது, மலச்சிக்கலைக் கவனிப்பது, முன்னிருந்து பின்னாகக் கழுவுவது ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவைதான். தொற்று அடிக்கடி வருமானால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உட்புறமாகப் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

மாதாமாதம் கல்ச்சர் வேண்டாம். முதிய பெண்கள் பலரின் சலத்தில் எந்தத் தொல்லையும் இல்லாமலே கிருமி இருக்கும். நீரிழிவு இருந்தாலும்கூட, அறிகுறி இல்லாத நிலையில் அதற்கு மருந்து கொடுப்பதால் நன்மையில்லை. கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் சத்திரசிகிச்சை செய்யப்போகிறவர்களும் மட்டுமே விலக்கு. தொல்லை தராமல் அங்கே குடியிருக்கும் வகை, கொடிய வகை ஒன்று வந்து அமர்வதைத் தடுப்பதும் உண்டு. அறிக்கையில் கிருமி என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நான் அதிகம் சண்டை போடுவது இந்த விடயத்தில்தான்.

காய்ச்சலோடு நடுக்கம், விலாப்புற நோவு, வாந்தி, பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கொண்டுபோங்கள். முன்போலத் துறையில் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் காலம் இல்லை, பாலங்கள் வந்துவிட்டன. பரசிற்றமோல் மாத்திரையைத் தவிர வேறெதையும் கொடுக்காமல் கொண்டுபோவது நல்லது. முதல் மருந்துக்கு முன்பே கல்ச்சருக்குச் சலம் எடுக்கப்பட வேண்டும். மூதூரில் வீட்டிலேயே போத்தலில் பிடித்து, பஸ்ஸில் வெயிலோடு வெயிலாக நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வசதியான சூழலில் ஈ. கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். இரண்டு மணிநேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க முடியாவிட்டால் வைத்தியசாலையில் வைத்தே சலத்தைப் பிடியுங்கள், நடுப்பகுதியை மட்டும். பழைய அறிக்கையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.பி.எல். என்ற அந்த வரியைப் பார்த்தால், புதிய கல்ச்சர் முடிவு வரும்வரை எந்த ஊசியில் தொடங்குவது என்று விடுதி வைத்தியர் முதல் மணிநேரத்திலேயே தீர்மானிக்க முடியும்.